கம்பியிலிருந்து தொடங்குங்கள்: அழிந்த விலங்கை எழுப்பும் கதை எழுத வருகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிக்கிறோம். புதிதாக எழுத வரும் பிள்ளைகள் கொண்டுவரும் அறிவியல் கதைகளில் பாதிக்குப் பாதி, அழிந்துபோன ஏதோவொரு மிருகம் உயிர்த்து வருகிறது. இடம் நெவாடா, இல்லாவிட்டால் சைபீரியா. விஞ்ஞானியின் பெயர் ரிச்சர்ட். கண்ணாடி உருளைக்குள் பச்சைத் திரவம் கொதித்துக்கொண்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் மிருகம் கூண்டை உடைத்துக்கொண்டு ஓட, ரிச்சர்ட் சாவார். கள்ள வேட்டைக்காரன் ஒருவன் வந்தால் அவனுக்குக் கன்னத்தில் கட்டாயம் ஒரு தழும்பு இருக்கும்.

எழுதிய பிள்ளை இருப்பதோ தெகிவளையில். விடியப்புறம் மிருகக்காட்சிச்சாலையில் சிங்கம் கத்தினால் அவள் அறைக்குக் கேட்குமாம். அவள் ஏன் நெவாடாவுக்குப் போனாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இது அப்படித் தொடங்குகிறவர்களுக்காக எழுதுவது. நான் சொல்லும் ஒழுங்கு வழமைக்குத் தலைகீழாக இருக்கும். ஆய்வுகூடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அந்த மிருகம் ஏன் இல்லாமல் போனது என்பதைத் தான் முதலில் எழுதச் சொல்வேன். அதைக் கொன்ற காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், கதை அங்கே தான் இருக்கிறது.

முதல் வேலை: மிருகத்தைத் தெரிவு செய்தல்

டைனோசரை விட்டுவிடுங்கள். அதன் டி.என்.ஏ. எங்கும் மிஞ்சவில்லை. மமூத்தையும் இப்போதைக்கு விடுங்கள், அதை எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. (வேறொரு காரணத்துக்காகப் பிறகு மமூத்திடம் வருவேன்.)

உள்ளூரில் தேடுங்கள். இரத்தினபுரியில் மாணிக்கக் கல் தோண்டும் குழிகளில், கல் கிடைக்கிற சரளை மண் படைக்கு ‘இல்லம்’ என்று பெயர். அந்தப் படைகளிலிருந்து எலும்பும் பல்லும் வந்திருக்கின்றன. இந்தத் தீவில் ஒருகாலத்தில் காண்டாமிருகம் இருந்தது, நீர்யானை இருந்தது. சிங்கம் கொடியில் மட்டுமில்லை, காட்டிலும் இருந்தது. குருவிட்டையில் கிடைத்த பல்லை வைத்து 1939இல் அந்தச் சிங்கத்துக்குப் பெயர் வைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1963 வரை தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்தவர் அவர்.

ஆனால் இரத்தினபுரி விலங்குகள் எங்கள் தேவைக்குச் சரிவராது. அவை மிகவும் பழையவை. அவற்றை மனிதன் தான் வேட்டையாடித் தீர்த்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மழையும் வெக்கையும் ஊறிய சரளையில் கிடந்த எலும்பில் டி.என்.ஏ.வையும் எதிர்பார்க்க முடியாது. சைபீரியாவின் உறைபனி ஒரு மிருகத்தின் டி.என்.ஏ.வைப் பத்து இலட்சம் வருடம் காப்பாற்றும். சப்ரகமுவ மழை அப்படிக் காப்பாற்றாது.

என்னைக் கேட்டால் கவராவைச் சொல்வேன். 1660இல் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாகக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், தப்பிப் போனபிறகு 1681இல் இந்த மிருகத்தைப் பற்றி எழுதினார். காளை போன்ற உருவம், முதுகில் கூரான மேடு, நாலு கால்களும் பாதிவரை வெள்ளை. தான் கண்டது ஒன்றே ஒன்று, அதுவும் அரசனின் மிருகங்களோடு நின்றது என்கிறார். வர்ணனையைப் பார்த்தால் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் திரிகிற காட்டெருது தான். சங்கப் பாட்டில் ஆமா என்று வருவதும் இதுவே. எங்கள் தீவில் அது முடிந்துவிட்டது. மலைநாட்டில் சில ஊர்ப்பெயர்களில் மட்டும் ‘கவர’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கடைசி ஒன்று அரண்மனையில் கட்டிக்கிடக்க, தானும் கட்டுண்டு கிடக்கிற ஒருவன் அதைப் பார்க்கிறான்.

கடல் பக்கத்து ஆட்கள் என்றால் கடற்பசு. 1741இல் பேரிங் கடலில் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர், எட்டு மீற்றர் நீளமான ஒரு கடற்பசுவைப் பற்றிக் குறிப்பெடுத்தார். சாதுவான மிருகம், இறைச்சி ருசி. அந்த வழியாகப் போன தோல் வேட்டைக்காரர்கள் தின்றே தீர்த்தார்கள். 1768இல் கடைசி ஒன்றும் போனது. கண்டுபிடித்து 27 வருடம்! அதன் சொந்தக்காரன், ஆவுளியா என்று சொல்கிற எங்கள் கடற்பசு, மன்னார் வளைகுடாவில் இன்னமும் மேய்கிறது, இன்னமும் திருட்டுத்தனமாகக் கறியாகிறது.

தவளை பிடிக்குமென்றால் இலங்கையில் அழிந்ததாகப் பட்டியலிட்ட மரத்தவளைகள் ஒரு டசினுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேட்டைக்காரன் கிடையாது, காடு தேயிலையானது தான் பிரச்சினை. அது வேறு கதை.

இரண்டாவது: சாவுச் சான்றிதழ்

கதையைத் தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் இதை எழுதுங்கள்: யார் கொன்றார், எதனால் கொன்றார், யார் காசு கொடுத்தார், யார் தின்றார் அல்லது சுவரில் மாட்டினார், யார் பார்த்துக்கொண்டிருந்தார். கதைக்குள் இது வராது. உங்கள் மேசையில் கிடந்தால் போதும்.

பழக்கத்துக்குத் தஸ்மேனியப் புலியை எடுத்து எழுதிப் பாருங்கள். ஆட்டு மந்தைக்காரர்கள் முறையிட, 1888 முதல் 1909 வரை அரசாங்கமே வளர்ந்த புலியொன்றுக்கு ஒரு பவுண் பரிசு கொடுத்தது. கொடுத்த பரிசுகள் 2,184. பிறகு மனம் மாறி, 1936 ஜூலை 10ஆம் திகதி சட்டப் பாதுகாப்பு வழங்கியது. செப்டெம்பர் 7ஆம் திகதி ஹோபார்ட் மிருகக்காட்சிச்சாலையில் கடைசிப் புலி செத்தது. சட்டத்துக்கும் சாவுக்கும் இடையில் 59 நாள். இந்தச் சான்றிதழில் கொலைகாரன் என்ற கட்டத்தில் யாருடைய பெயரை எழுதுவீர்கள்? துவக்குப் பிடித்தவனையா, பரிசுப்பணம் எண்ணிக் கொடுத்த இலிகிதரையா?

அவுஸ்திரேலியா தூரம் என்றால் வன்னிக்கு வாருங்கள். 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக அப்போது குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் அரசாங்கம் பரிசு கொடுத்தது. அதே காலத்தில் மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி தனியாளாக 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையிலும் இடி விழுந்தது என்று ஊரில் ஒரு கதை. ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருந்துகொண்டு அந்த இடத்தின் பெயரை ஒரு தடவை உரத்துச் சொல்லிப் பாருங்கள். ஆனை இறங்கிய துறையில் இன்று ஆனை எங்கே?

மூன்றாவது: கம்பி

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இந்த இடத்தில் தான், அதனால் இங்கே நின்று நிதானமாகச் சொல்கிறேன். தழும்பு வைத்த வில்லனை மறந்துவிடுங்கள். எங்கள் நாட்டில் அதிகமாகக் கொல்வது ஒரு துண்டுக் கம்பி.

பழைய பிரேக் வயர், கிளட்ச் வயர் எதுவாகவும் இருக்கலாம். மிருகம் நடக்கிற தடத்தில் வளையமாகத் தொங்கும், மறுமுனை மரத்தில். மிருகம் இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். வைத்தவன் பெரும்பாலும் தோட்டத்து மரக்கறிப் பாத்திக்குக் காவல் கட்டிய ஒரு குடும்பத்தலைவன், இல்லாவிட்டால் பன்றிக்கறி விற்று நாலு காசு பார்க்கிறவன். குறி பன்றிக்கு. சிக்குவது எது என்று கம்பிக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்து மரக்கறிக் காணியில் கருஞ்சிறுத்தையொன்று இப்படித்தான் சிக்கியது. இலங்கையில் காணவே அரிதான மிருகம். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள், சில நாளில் செத்துப்போனது. சுருக்கில் கிடந்து திமிறின உடம்பு வெளியில் முழுசாகத் தெரியும், உள்ளே சிதைந்திருக்கும்.

வன்னியில் கட்டுத்துவக்கு. மிருகம் நூலில் தட்டினால் தானே வெடிக்கும், மனிதன் தட்டினாலும் வெடிக்கும். அப்புறம் ஹக்கபட்டாஸ். பூசணித் துண்டு மாதிரி ஏதாவது தீனிக்குள் வெடிமருந்தை வைத்துப் போடுவார்கள். இதுவும் பன்றிக்குத் தான். யானைக்கன்று கடித்தால் தாடை சிதறும். உடனே சாகாது. தின்ன முடியாமல் நாட்கணக்கில் நடந்து நடந்து சாகும். ஆண்டுக்கு 400க்கு மேல் யானைகள் சாகிற வருடங்களை இந்த நாடு கண்டிருக்கிறது. அவற்றில் துப்பாக்கியும் மின்சாரமும் ஹக்கபட்டாசும் பெரும் பங்கு. தந்தத்துக்காகச் சுடப்படுவது கொஞ்சம் தான், எங்கள் ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு.

இதெல்லாம் காட்டில் நடப்பவை, கொழும்பில் இருக்கிற எனக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வவுனியாவிலிருந்து மாமா வருவார். பயணப் பையின் அடியில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும், பக்கத்தில் போத்தல் தேன். மரை வத்தல். அம்மா அதை ஊறவைத்துத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் வீடே மணக்கும். நாங்கள் சண்டை பிடித்துத் தின்றோம். மரை என்பது ஒரு மிருகம் என்றே எனக்குப் பத்து வயதுவரை தெரியாது, அது ஒரு கறியின் பெயர் என்று தான் நினைத்திருந்தேன். மாமா நல்ல மனுசன். எறும்பை மிதிக்கக்கூட யோசிப்பவர்.

உங்கள் கதையில் வேட்டைக்காரன் வரும் இடத்தில் அந்த மாமாவைக் கொண்டு வாருங்கள். சங்கிலியில் எல்லாக் கண்ணிகளும் ஆட்கள்: கம்பி வைத்தவன், தோலுரித்தவன், றோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் ‘விசேஷக் கறி’ என்று மெதுவாகச் சொல்பவன், சோதனைச் சாவடியில் பொட்டலத்தைப் பார்த்தும் பாராததுபோல் விட்டவன், ருசி பார்த்த நான். இவர்களில் யாருடைய கண்ணால் கதையைச் சொல்கிறீர்கள் என்று முடிவெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பெரிய அளவு வேண்டுமென்றால் துறைமுகம் இருக்கிறது. 2012இல் கென்யாவிலிருந்து டுபாய்க்குப் போகிற வழியில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கொள்கலன் பிடிபட்டது. உள்ளே 359 தந்தங்கள், ஒன்றரைத் தொன். 2016 ஜனவரி 26ஆம் திகதி காலிமுகத்திடலில் இயந்திரத்தில் போட்டு அவற்றை நொறுக்கினார்கள். நாங்கள் மாலையில் பட்டம் விட்டு இறால் வடை தின்கிற அதே புல்தரை. ஆபிரிக்கா எங்கே, காலிமுகம் எங்கே? கடத்தலுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை.

சின்ன அளவு வேண்டுமென்றால் நட்சத்திர ஆமை. காலுறைக்குள் சுற்றிப் பையில் போடலாம். பாக்கு நீரிணையில் கடலட்டையும் ஆமையும் படகு மாறுகிற கதைகளை மன்னாரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு ஓகஸ்ட்டில் ஜெனீவாவுக்கு மாறியது. நட்சத்திர ஆமைக்கு ஆகக் கூடிய பாதுகாப்புக் கிடைத்தது அங்கே தான்.

நாலாவது: இப்போது ஆய்வுகூடம்

இனி ரிச்சர்டைக் கூப்பிடலாம். பெயரை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு மிருகத்தைத் திருப்பிக் கொண்டுவர இன்று மூன்று வழி பேசப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, கதையின் குணமும் அதோடு மாறும்.

ஒன்று, பின்னோக்கி இனப்பெருக்குதல். உயிரோடிருக்கும் சொந்தக்கார இனத்தில் பழைய சாயலுள்ளவற்றைத் தெரிந்து தெரிந்து இணை சேர்ப்பது. வரிக்குதிரையில் ஒரு வகையான குவாகாவில் கடைசி ஒன்று 1883இல் ஆம்ஸ்டர்டாமில் செத்தது. 1987 முதல் தென்னாபிரிக்காவில் வரிக்குதிரைகளை வைத்து அதன் சாயலைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். மெதுவான வேலை, தலைமுறைக் கதைக்கு ஏற்றது. அப்பா தொடங்கி மகள் முடிக்கலாம்.

இரண்டு, குளோனிங். இதற்குச் சிதையாத கலம் வேண்டும், அதாவது மிருகம் சாகுமுன்னரோ செத்த கையோடோ எடுத்து உறையவைத்தது. ஸ்பெயினில் பைரனீஸ் மலையாடு வேட்டையால் தேய்ந்து, கடைசியில் செலியா என்ற ஒரு பெட்டை மிஞ்சியது. அதன் தோலில் கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். 2000 ஜனவரியில் மரம் விழுந்து செலியா செத்தது. பிறகு 57 தாய் ஆடுகளுக்குள் முளையங்களை வைத்தார்கள். ஏழு சினைப்பட்டன. 2003 ஜூலை 30ஆம் திகதி ஒன்றே ஒன்று உயிரோடு பிறந்தது, நுரையீரல் கோளாறால் சில நிமிடத்தில் செத்தது. ஒரே இனம் இரண்டு தடவை அழிந்தது. இந்தச் சில நிமிடத்தை வைத்து மட்டும் ஒரு கதை எழுதலாம், யாரும் இன்னும் தமிழில் எழுதி நான் வாசிக்கவில்லை.

கவராப் பிரியர்களுக்கு ஒரு பரிசு: அழியும் ஆபத்திலிருந்த மிருகங்களில் முதலில் குளோன் செய்யப்பட்டுப் பிறந்தது காட்டெருது தான். 2001 ஜனவரியில், அமெரிக்காவில், ஒரு சாதாரணப் பண்ணைப் பசுவின் வயிற்றில். நோவா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாளில் வயிற்றுக் கிருமி கொண்டுபோனது.

மூன்றாவது வழி பரம்பரையலகைத் திருத்துவது. 2012இல் வந்த கிறிஸ்பர் முறையால், உயிரோடிருக்கும் சொந்தக்காரனின் டி.என்.ஏ.யில் தேவையான இடங்களை மட்டும் பழைய மிருகத்தைப் போல மாற்றலாம். 2025 ஏப்ரலில் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம் ‘டயர் வுல்ப்’ எனும் பேரோநாய் திரும்பி வந்துவிட்டது என்று மூன்று குட்டிகளைக் காட்டியது. செய்தது என்னவென்றால், சாம்பல் ஓநாயின் 14 பரம்பரையலகுகளில் 20 திருத்தம். அது பேரோநாயா, வேஷம் போட்ட சாம்பல் ஓநாயா என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. அந்தச் சண்டையைக் கதைக்குள் கொண்டு வாருங்கள். மாட்டு வயிற்றில் பிறந்து, மாட்டுப் பால் குடித்து, மாட்டோடு வளர்ந்த கவராவுக்குத் தான் கவரா என்று எது சொல்லிக் கொடுக்கும்?

எவ்வளவு பொய் சொல்லலாம் என்று கேட்பீர்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பது எங்கள் பழமொழி. என் கணக்கு, கதைக்கு ஒரு பெரிய பொய். ‘சப்ரகமுவச் சரளையிலும் டி.என்.ஏ. மிஞ்சியது’ என்பதை உங்கள் பொய்யாக வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு வரும் எல்லாம் உண்மையான விதிப்படி நடக்க வேண்டும்.

ஐந்தாவது: தாய்

ஆண் எழுத்தாளர்கள் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். முளையம் எங்கோ வளர வேண்டுமே! மமூத்துக்கு மிகக் கிட்டிய சொந்தம் ஆசிய யானை, எங்கள் வில்பத்து யானை இனம். அப்படியென்றால் மமூத்தைச் சுமக்கக் கேட்கப்படும் வயிறு யாருடையது? இது தான் நான் சொன்ன மமூத்துக் காரணம். சைபீரியாவை விட்டுவிட்டு, சினைப்பட்ட ஒரு யானையோடும் அதன் பாகனோடும் கதையை வையுங்கள்.

என் முதல் கதையில் யானை பத்து மாதத்தில் குட்டி போட்டது. அச்சில் வந்து இரண்டு வாரத்தில் மிருக வைத்தியர் ஒருவரிடமிருந்து தபாலட்டை வந்தது: ‘கதை நன்று. யானைக்கு 22 மாதம்.’ வெட்கத்தில் ஒரு வருடம் எழுதவில்லை. ஆனால் அந்த 22 மாதம் எவ்வளவு பெரிய கொடை என்று பிறகு தான் புரிந்தது. இரண்டு பெரும்போகம், ஒரு தேர்தல், ஒரு அமைச்சர் மாற்றம் எல்லாம் அதற்குள் நடந்துவிடும்.

ஸ்டெல்லரின் கடற்பசுவை எடுத்து ஆவுளியாவைத் தாயாக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள்: மூன்று மீற்றர்த் தாயின் வயிற்றில், வளர்ந்தால் எட்டு மீற்றராகிற இனத்தின் கன்று. வடக்கின் குளிர்கடலுக்குரிய அந்தக் கன்றுக்கு மன்னாரின் வெதுவெதுப்பான தண்ணீர்.

ஆறாவது: பிறந்த பிறகு

குட்டி பிறந்ததோடு முடிகிற கதைகள் எனக்குச் சலித்துவிட்டன. பிறந்த மறுநாளிலிருந்து எழுதுங்கள். கென்யாவில் வட வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண், சூடான், கொம்புக்குப் பயந்து துப்பாக்கி ஏந்திய காவலர்களின் நடுவில் வாழ்ந்து 2018 மார்ச் 19ஆம் திகதி செத்தது. மிஞ்சியது இரண்டு பெண். உறையவைத்த விந்தையும் முட்டையையும் வைத்து இனத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஆய்வுகூடமும் வேட்டையும் ஒரே வேலிக்குள் நிற்கிற உண்மையான இடம் அது. அருமையானது எதுவோ அதற்கு விலை கூடும். உங்கள் கவரா பிறந்த செய்தி பேப்பரில் வந்த அன்றே அதன் கொம்புக்கு யாரோ விலை பேசியிருப்பான்.

சட்டத்திலும் கதை இருக்கிறது. எங்களுடைய வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். எந்த மிருகத்தைக் கொல்லக் கூடாது என்பதற்கு அதில் அட்டவணைகள் உண்டு. இல்லாத மிருகத்தை யார் அட்டவணையில் போடுவார்? 2060இல் புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு வழக்கு: எதிரி கவராவைக் கொன்றது உண்மை, ஆனால் அது சட்டத்தின்படி பசு என்கிறார் அவருடைய சட்டத்தரணி. கம்பனி சார்பில் வந்தவர் அது மிருகமே இல்லை, எங்கள் சொத்து என்கிறார். எங்கள் கூட்டத்துக்கு வரும் சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி இதை எழுதிக்கொண்டிருக்கிறாள், அதனால் இதை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம்.

வேட்டை மிருகத்தையே மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் யானைகளில் பத்தில் ஒன்பது பங்கு போனது. போருக்கு முன் தந்தமில்லாத பெண் யானைகள் 18.5 வீதம், பிறகு ஏறத்தாழ 51 வீதம். தந்தமுள்ளவை சுடப்பட, இல்லாதவை மிஞ்சிக் குட்டி போட்டன. பழைய டி.என்.ஏ.யைத் தந்தத்தோடு உயிர்ப்பித்துக் காட்டில் விட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

ஏழாவது: சொல்

எங்கள் பாடப்புத்தகத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் இங்கே பிரிகின்றன. நாங்கள் கலம், நிறமூர்த்தம், பரம்பரையலகு, முளையம் என்று படித்தோம். அங்கே செல், குரோமோசோம், மரபணு, கரு. எதை எடுத்தாலும் கதை முழுக்க ஒன்றையே வைத்திருங்கள். ‘கரு’வில் கவனம் வேண்டும். எங்கள் உயிரியலில் அது கலத்துக்குள் இருக்கிற உருண்டை, வீட்டுப் பேச்சில் வயிற்றுப் பிள்ளை. ‘கருவை எடுத்துவிட்டு வேறு கருவை வைத்தார்கள்’ என்று குளோனிங்கை விவரித்த ஒரு கதையைக் கேட்டு எங்கள் வீட்டு ஆச்சி எழுந்து போய்விட்டார்.

பேச்சில் ஆளுக்கேற்ற தமிழ் வரட்டும். நல்லதண்ணித் தோட்டத்துக்காரர், மன்னார் சம்மாட்டி, வத்தளை ஆய்வுகூட உதவியாளர் மூவரும் ஒரே மாதிரிப் பேசினால் மூவருமே நீங்கள் தான். வனசீவராசிகள் அதிகாரி வந்தால் சிங்களமும் கலக்கும், அதைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், அர்த்தம் அடுத்தவர் பதிலில் தெரியட்டும்.

எட்டாவது: ஒரு நாள் அலைச்சல்

ஒரு சனிக்கிழமை போதும். காலையில் கொழும்பு ஏழுக்கு. 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தையும் அதே வளவுக்குள் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். திறந்திருக்கிறதா என்று முதலே விசாரியுங்கள். பாடம் பண்ணிய மிருகத்தின் கண்ணை உற்றுப் பாருங்கள், அது கண்ணாடி. தோலில் தையல் எங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போத்தலில் ஏதும் இருந்தால் எந்தத் திரவம் என்று கேளுங்கள். அற்ககோலில் கிடந்தால் டி.என்.ஏ.வுக்கு நல்லது, போமலினில் கிடந்தால் கஷ்டம்.

பிறகு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ். வெள்ளவத்தையில் இறங்கினால் உருத்திரா மாவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம், 1942 முதல் இருக்கிற சங்கம். பழைய சஞ்சிகைகளில் வேட்டை அனுபவக் கட்டுரைகளைத் தேடுங்கள். ‘சுட்டேன், விழுந்தது’ என்று கூச்சமில்லாமல் எழுதிய அந்தக் குரல் உங்கள் பாத்திரத்துக்கு உதவும். வீட்டிலிருந்தே தேடுகிறவர்களுக்கு நூலகம் என்ற இணைய நூலகம் இருக்கிறது.

பின்னேரம் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. அங்கே மிருகத்தைப் பார்ப்பதைவிடக் கூட்டிற்கு வெளியே நிற்கிற ஆட்களைப் பாருங்கள், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். சிறுத்தைக் கூட்டின் முன்னால் ஒரு தகப்பன் பிள்ளைக்குச் சொன்னதை நான் ஒரு கதையில் அப்படியே வைத்தேன்: ‘வடிவாப் பார், நீ பெரிசானா இது இருக்காது.’

முதல் வரைவு 2,000 சொல்லைத் தாண்ட வேண்டாம். கம்பி முதல் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும், ஆய்வுகூடம் நடுவுக்கு முன் வரக் கூடாது. எழுதி முடித்ததும் ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு மாதங்கள், நிறைகள், நீளங்கள், திகதிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்து, உயிரியல் படித்த ஒருவரிடம் கொடுங்கள். கதையை அவரிடம் கொடுக்க வேண்டாம். கதையை மாமாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். என் மாமாவுக்கு இப்போது எண்பது. போன மாதம் கவராக் கதையை அவருக்கு வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கம்பி வந்த இடத்தில் மறித்து, முடிச்சு அப்படிப் போடுவதில்லை என்று திருத்தினார்.